காவிரியில் ஆற்றுக்கென ஒதுக்கிய 10 டிஎம்சி எங்கே போகிறது?

கோடை நெருங்கும்போது காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவின் கூட்டச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் கண்ணில் படும். பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டிஎம்சி சுற்றுச்சூழல் நீர், இரு மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவுக்கு வந்துசேர வேண்டும் என்பதுதான் அது. தமிழ்நாடு கேட்கும், கர்நாடகம் அணையில் நீர் இல்லை என்று சொல்லும், குழு அறிவுறுத்தும். செய்தி அதோடு முடிந்துவிடும்.

படிப்பவருக்கு இயல்பாக எழும் கேள்விகள் அப்படியே நிற்கும். சுற்றுச்சூழல் நீர் என்பது யாருக்கான நீர்? பாசனத்துக்கும் இல்லை, குடிநீருக்கும் இல்லை என்றால் அதை யார் எடுத்துக்கொள்கிறார்கள்? 2.5 என்ற எண் எங்கிருந்து வந்தது? அது போதுமா, போதாதா என்று எதை வைத்துச் சொல்வது? அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## முதலில் அலகுகள்

இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் அலகுகளால் வருவது. டிஎம்சி என்பது கொள்ளளவு, அதாவது நூறு கோடி கன அடி. விநாடிக்கு இத்தனை கன அடி என்பது ஓட்டத்தின் வேகம். ஒரு டிஎம்சி நீரை ஒரே நாளில் திறந்துவிட்டால் விநாடிக்கு சுமார் 11,570 கன அடி ஓடும். அதே ஒரு டிஎம்சியை ஒரு மாதத்துக்குப் பரப்பினால் விநாடிக்கு 390 கன அடிக்கும் குறைவு. கணக்கில் இரண்டும் ஒன்று. ஆற்றில் இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே மாதம் 2.5 டிஎம்சி என்றால், மாதத்தின் நாட்களைப் பொறுத்து விநாடிக்கு 930 முதல் 1,030 கன அடி வரை. வட இந்திய ஆறுகளைப் பற்றிய ஆவணங்களில் கன மீட்டர் கணக்கு வரும். ஒரு கன மீட்டர் 35.3 கன அடிக்குச் சமம். நம் 2.5 டிஎம்சியை அந்தக் கணக்கில் சொன்னால் விநாடிக்கு சுமார் 27 கன மீட்டர். பின்னால் கங்கையோடு ஒப்பிடும்போது இந்த எண் தேவைப்படும்.

## ஆறு கேட்பது என்ன?

சூழல் நீரோட்டம் என்பதன் சுருக்கமான பொருள் இது: ஆறும் அதன் முகத்துவாரமும், அவற்றை நம்பியிருக்கும் உயிர்களும் மனிதர்களும் தாக்குப்பிடிக்கத் தேவையான நீரின் அளவு, அது வரவேண்டிய காலம், அதன் தரம். 2007-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கூடிய வல்லுநர்கள் வெளியிட்ட பிரகடனம் இந்த மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. நம் செய்திகளில் முதல் சொல் மட்டும் தங்கிவிட்டது.

ஆற்றின் இயல்பான ஓட்டத்தை ஐந்து பண்புகளாகப் பிரித்துப் பார்ப்பது ஆய்வாளர்களின் வழக்கம்.

1. அளவு: ஒரு நேரத்தில் எவ்வளவு ஓடுகிறது.
2. அடுக்கு: ஒரு குறிப்பிட்ட அளவு வெள்ளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது.
3. நீடிப்பு: வந்த வெள்ளம் எத்தனை நாள் நிற்கிறது, வறட்சி எத்தனை நாள் நீடிக்கிறது.
4. காலம்: எந்த மாதத்தில் ஏறுகிறது, எப்போது வடிகிறது.
5. மாறும் வேகம்: ஏற்றமும் வடிதலும் மெதுவாகவா, திடீரென்றா.

காலம் என்ற நான்காவது பண்பு காவிரிக்காரர்களுக்கு விளக்காமலே புரியும். ஆடிப்பெருக்கு அதன் பண்டிகை. தென்மேற்குப் பருவமழை குடகில் பெய்து, ஆடி 18 வாக்கில் புதுவெள்ளம் டெல்டாவுக்கு வரும் என்ற நம்பிக்கையின் மேல்தான் ஒரு விழாவே நிற்கிறது. பல மீன்கள் முட்டையிடுவதும் இந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான். கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் உல்லம் போன்றவற்றுக்கு முகத்துவாரத்தில் நன்னீர் வந்து சேர்வதே அழைப்பு. அந்த நீர் இரண்டு மாதம் தள்ளி, இரு மடங்காக வந்தாலும் அவற்றுக்குப் பயனில்லை. ஒரு வருட மளிகையை ஒரே நாளில் வாசலில் இறக்கிவிட்டு, சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை என்று சொல்வதுபோல்தான் ஆகும்.

மாறும் வேகத்தை யாரும் பேசுவதில்லை. மின் உற்பத்திக்காக மாலையில் மதகைத் திறந்து காலையில் மூடும் அணைகளுக்குக் கீழே, ஒரே நாளில் கரையோரம் நனைந்து காயும். ஆழம் குறைந்த ஓரங்களில் தங்கும் மீன்குஞ்சுகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். மாதச் சராசரியை எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

## எவ்வளவு என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

நிறைய முறைகள் உண்டு. அவற்றை நான்கு வகைக்குள் அடக்கலாம்.

முதல் வகை பழைய நீரோட்டப் பதிவுகளை மட்டும் வைத்துச் சதவீதம் சொல்வது. 1976-இல் அமெரிக்க மீன்வள ஆய்வாளர் டென்னன்ட் வெளியிட்ட முறை இதில் மிகப் பிரபலம். ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் இருந்தால் மீன்கள் கொஞ்ச காலம் உயிரோடு இருக்கும், 30 சதவீதம் இருந்தால் ஓரளவு நன்றாக வாழும், 60 சதவீதம் என்றால் மிக நன்று என்று அவர் வகுத்தார். அவர் அளந்தவை மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா மாநிலங்களின் 11 ஓடைகள். குளிர்ப் பிரதேச ஓடைகள் அவை. அதிலிருந்து பிறந்த 10 சதவீதம் என்ற எண் உலகம் சுற்றி, பருவமழை ஆறுகளுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பருவமழை ஆற்றில் ஆண்டுச் சராசரியைப் பெரும்பாலும் நான்கைந்து மாத வெள்ளமே தீர்மானிக்கிறது. அப்படிக் கிடைத்த சராசரியில் 10 சதவீதம் ஏப்ரலில் இயற்கையாக ஓடுவதைவிட அதிகமாகவும் இருக்கலாம், ஆகஸ்டில் ஒன்றுமே இல்லாததாகவும் இருக்கலாம்.

இரண்டாம் வகை ஆற்றின் குறுக்குவெட்டை அளப்பது. நீர் குறையக் குறைய ஆற்றுப்படுகையில் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்து, எந்தப் புள்ளிக்குக் கீழே படுகை வேகமாக வெளியே தெரிய ஆரம்பிக்கிறதோ அதைக் குறைந்தபட்சமாக வைப்பார்கள். மூன்றாம் வகை, ஒரு குறிப்பிட்ட மீனுக்கு வேண்டிய ஆழத்தையும் நீரின் வேகத்தையும் கொண்டு கணக்கிடுவது. நான்காவது, மீன் அறிஞர், மண்ணியலாளர், பொறியாளர், கரையில் வாழும் மக்கள் எல்லோரையும் உட்காரவைத்து மாதவாரியாகத் தேவையைக் கட்டியெழுப்புவது. தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த முறை இது. காலமும் காசும் பிடிக்கும். விளைவு நம்பத்தகுந்தது.

கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம் 2006-இல் இந்தியாவின் பெரிய ஆற்றுப்படுகைகளுக்கு முதல் வகையைச் சற்று மேம்படுத்தி ஒரு கணக்குப் போட்டது. ஆற்றை எந்த நிலையில் வைத்திருக்க நாம் விரும்புகிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள், அதற்கேற்ப நீரின் அளவு மாறும் என்பது அதன் அடிப்படை. இதில் ஒரு நேர்மை இருக்கிறது. எவ்வளவு நீர் விடவேண்டும் என்பது விஞ்ஞானம் மட்டும் சொல்லும் விடை கிடையாது. எப்படிப்பட்ட ஆறு வேண்டும் என்று சமூகம் முடிவெடுத்த பிறகுதான் விஞ்ஞானம் எண்ணைச் சொல்லமுடியும்.

## காவிரித் தீர்ப்பில் உண்மையில் என்ன இருக்கிறது?

காவிரி நடுவர் மன்றம் 1990-இல் அமைக்கப்பட்டு 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு தந்தது. கொள்ளிடத்தின் கீழணையில் கணக்கிட்டால், இரண்டில் ஓர் ஆண்டாவது கிடைக்கக்கூடிய மொத்த நீர் 740 டிஎம்சி என்று அது எடுத்துக்கொண்டது. பங்கீடு இப்படி:

- தமிழ்நாடு 419
- கர்நாடகம் 270
- கேரளம் 30
- புதுச்சேரி 7
- சுற்றுச்சூழல் பாதுகாப்பு 10
- தவிர்க்கமுடியாமல் கடலுக்குப் போவது 4

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆக உயர்த்தியது. கைமாறியது 14.75 டிஎம்சி. தமிழ்நாட்டின் நிலத்தடி நீர் இருப்பைக் காரணம் காட்டி 10, பெங்களூருவின் குடிநீர்த் தேவை முதலியவற்றுக்காக 4.75. கடைசி இரண்டு வரிகளில் கைவைக்கவில்லை. 10-உம் 4-உம் அப்படியே நிற்கின்றன.

இந்த இரண்டையும் சேர்த்தால் 14 டிஎம்சி. மொத்தத்தில் 2 சதவீதம்கூட இல்லை. அதிலும் அந்த 4 டிஎம்சியை ஒதுக்கீடு என்றே சொல்லமுடியாது. எவ்வளவு முயன்றாலும் தடுத்துப்பிடிக்க முடியாதது என்று இழப்புக் கணக்கில் எழுதியது அது.

அடுத்து மாத அட்டவணை. கர்நாடகம் பிலிகுண்டுலுவில் உறுதிசெய்ய வேண்டிய ஆண்டு அளவு முதலில் 192 டிஎம்சி. அது கர்நாடகத்தின் பக்கமிருந்து 182, சுற்றுச்சூழலுக்கென 10 என்று பிரிந்திருந்தது. 2018-க்குப் பிறகு மொத்தம் 177.25. புதிய அட்டவணையில் ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76. அப்புறம் பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாதமும் 2.5 வீதம். பழைய அட்டவணையோடு ஒப்பிட்டால் ஜூன் முதல் ஜனவரி வரை எல்லா மாதமும் ஒரே விகிதத்தில் குறைந்திருப்பது தெரியும். கடைசி நான்கு மாதங்கள் மாறவில்லை. நான்கையும் கூட்டினால் சரியாக 10 டிஎம்சி. சுற்றுச்சூழல் நீர் என்று செய்திகளில் வருவது இதுதான்.

இந்த 2.5 போதுமா? வேகமாக ஒரு கணக்குப் போடலாம், ஆனால் அதன் ஓட்டையையும் சேர்த்தே பார்க்கவேண்டும். 740 டிஎம்சியை ஆண்டு முழுக்கப் பரப்பினால் விநாடிக்கு சுமார் 23,500 கன அடி. 2.5 டிஎம்சி என்பது அதில் 4 சதவீதம். டென்னன்டின் 10 சதவீதம் என்ற அடிமட்டக் கோட்டில் பாதிகூட இல்லை. இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம், தலைப்புச் செய்திக்கும் நன்றாக இருக்கும். ஆனால் 740 என்பது பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் சேர்ந்த மொத்தப் படுகையின் நீர். பிலிகுண்டுலு அதற்கெல்லாம் மேலே இருக்கிறது. மேலும் மார்ச் மாதக் காவிரி அணைகள் இல்லாத காலத்திலும் மெலிந்துதான் ஓடியிருக்கும். நியாயமான ஒப்பீடு வேண்டுமானால், அணைகள் இல்லையென்றால் பிலிகுண்டுலுவில் மார்ச்சில் எவ்வளவு ஓடும் என்ற கணக்கோடு ஒப்பிடவேண்டும். நான்கு மாதத்துக்கும் ஒரே எண் என்பதே, எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று இதை வகுக்கவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. 10-ஐ நான்கால் வகுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒன்றைப் பாராட்டவும் வேண்டும். மழை குறைந்த ஆண்டில் பங்குகளை எப்படிக் குறைப்பது என்று சொல்லும் இடத்தில், மூன்று மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும் இடையே விகிதப்படி குறைக்கவேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறது. அந்தப் பட்டியலில் ஆற்றின் பங்கு இல்லை. எழுத்துப்படி பார்த்தால் பற்றாக்குறையிலும் ஆற்றின் 10 குறையக்கூடாது. நடைமுறையில் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான்.

## எல்லையில் அளந்த நீர் எங்கே நிற்கிறது?

பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவிடும் நிலையம் இருக்கிறது. ஆற்றின் மட்டத்தையும் நீரின் வேகத்தையும் அளந்து, குறுக்குவெட்டோடு பெருக்கி, விநாடிக்கு இத்தனை கன அடி என்று கணக்கெழுதுவார்கள். இரண்டு மாநிலங்களும் தினமும் பார்க்கும் எண் அது. அங்கே தாண்டிய நீர் ஒகேனக்கல்லில் விழுந்து, சற்றுத் தூரத்தில் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துக்குள் போய்ச்சேர்கிறது.

போய்ச்சேர்ந்து, நின்றுவிடுகிறது.

இந்தச் சங்கதியை நம் பக்கத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. சுற்றுச்சூழலுக்கென்று அளந்து வாங்கும் நீர் கிருஷ்ணராஜசாகருக்கும் மேட்டூருக்கும் நடுவில் உள்ள ஆற்றுக்குத்தான் சூழல் நீராக இருக்கிறது. அந்தத் துண்டுக்கு அது உண்மையாகவே முக்கியம். சிவனசமுத்திரம், மேகதாது, ஒகேனக்கல் என்று பாறைகளினூடே ஓடும் பகுதி அது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, அழிவின் விளிம்பில் இருக்கும் கூன்முதுகு மஹசீருக்கு வேண்டியதும் இப்படிப்பட்ட ஓடும் நீர்தான். மேகதாதுவில் கர்நாடகம் திட்டமிடும் 67 டிஎம்சி அணை வந்தால் இந்தத் துண்டின் கதையும் மாறும்.

ஆனால் மேட்டூருக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து அந்த நீர் பொதுக்கணக்கில் கலந்துவிடுகிறது. 93.47 டிஎம்சி கொள்ளளவில் அது குறுவைக்கான சேமிப்பின் ஒரு பகுதி. அட்டவணை பிலிகுண்டுலுவோடு முடிகிறது. மேட்டூருக்குக் கீழே எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு ஓடவேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும். அதன் பிறகு வருவது பெரும்பாலும் குடிநீருக்கான திறப்பு.

கீழே வந்து பார்ப்போம். மேட்டூருக்கும் ஈரோட்டுக்கும் இடையே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று மின் உற்பத்திக்கான கதவணைகள் வரிசையாக நிற்கின்றன. கோடையில் பாலத்தில் நின்று பார்ப்பவருக்கு ஆறு கரைவரை நிறைந்து தெரியும். நீர் இருக்கிறது, ஓட்டம் இல்லை. படிக்கட்டுபோல் அடுத்தடுத்துத் தேங்கி நிற்கும் குட்டைகள் அவை. ஆகாயத்தாமரை அங்கே படர்வதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை. கரூரைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். அகன்ற மணல்வெளி, நடுவில் ஒரு வாய்க்கால் அளவு நீர். மணல் அள்ளித் தாழ்ந்துபோன படுகையில் விட்ட நீரில் கணிசமான பங்கு உள்ளே இறங்கிவிடும். திருச்சிப் பகுதியில் ஆற்றுப்படுகையில் போட்ட கிணறுகளிலிருந்து ராமநாதபுரம் வரை கூட்டுக் குடிநீர்த் திட்டம் நீர் எடுத்துக்கொண்டு போகிறது. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் வெள்ள நாட்களில் மட்டும் ஆறு. மற்ற நாட்களில் அணைக்கரைக்குக் கீழே கடல்நீர் உள்ளே ஏறிவரும் வழி. அந்த உப்பைத் தடுக்கத்தான் ஆதனூர் – குமாரமங்கலம் இடையே கதவணை கட்டவேண்டி வந்தது. நன்னீர் இறங்கிவந்து தடுத்துக்கொண்டிருந்த வேலையைக் கான்கிரீட் செய்கிறது.

2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடியை ஒட்டி நீர் வெளியேறியபோது, வீணாகக் கடலில் கலக்கிறது என்ற வாசகம் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. அது முழுக்க வீணல்ல. முகத்துவார மணல்மேட்டை உடைப்பது, படுகையைக் கழுவுவது, பிச்சாவரம்போன்ற அலையாத்திக் காடுகளுக்கு வண்டல் தருவது எல்லாம் அந்த வெள்ளம்தான். ஆனால் இதை வைத்து, ஆற்றுக்குத்தான் வேண்டிய நீர் போய்விட்டதே என்று வாதிடுவதும் தப்பு. ஆகஸ்டின் வெள்ளம் ஏப்ரலின் வறட்சியைத் தீர்க்காது.

## கங்கையில் எழுதிய விதி

2018 அக்டோபர் 9 அன்று மத்திய அரசு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கங்கைக்கு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. உற்பத்தியிடங்களிலிருந்து ஹரித்வார் வரை, நவம்பர் முதல் மார்ச் வரை 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25 சதவீதம், ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவீதம் ஆற்றில் விடவேண்டும். இந்தச் சதவீதம் முந்தைய பத்து நாள் ஓட்டத்தைக் கொண்டு கணக்கிடுவது. ஹரித்வாருக்குக் கீழே நிலையான எண்கள்: பீம்கோடா கதவணையில் மழையில்லாக் காலத்தில் விநாடிக்கு 36 கன மீட்டர், மழைக்காலத்தில் 57. பிஜ்னோர், நரோரா, கான்பூரில் 24, 48. கண்காணிப்பவர் மத்திய நீர் ஆணையம்.

காவிரி அட்டவணையோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கங்கை விதி ஒரே எல்லையில் அளப்பதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கதவணைக்கும் கீழே எவ்வளவு ஓடவேண்டும் என்று சொல்கிறது. மேல்பகுதியில் நீர்வரத்தின் சதவீதமாக இருப்பதால் வறட்சி வந்தால் மின் நிலையமும் ஆறும் சேர்ந்தே குறைந்துகொள்ளும். பற்றாக்குறையைப் பங்கிடும் வழி விதிக்குள்ளேயே இருக்கிறது.

அதற்காக இது நல்ல விதி என்று ஆகிவிடாது. 20 சதவீதம் ஆற்றில் என்றால் 80 சதவீதம் மின் நிலையத்துக்கு நீர் கொண்டுபோகும் சுரங்கப்பாதையில். ஹரித்வாரில் 36 கன மீட்டர் என்பது சுமார் 1,270 கன அடி. அங்கே பிரியும் மேல் கங்கைக் கால்வாயின் கொள்திறன் 10,500 கன அடி. 1916-இலேயே, யாத்திரிகர்கள் நீராடும் இடத்தில் 1,000 கன அடி தடையின்றி ஓடவேண்டும் என்று மதன் மோகன் மாளவியா பிரிட்டிஷ் அரசோடு உடன்பாடு கண்டிருந்தார். நூறாண்டு கழித்து அதே ஊரில் ஆற்றுக்கு வைத்த குறைந்தபட்ச எண் அதை ஒட்டியே நிற்கிறது. கங்கைக்குக் கூடுதல் நீரோட்டம் கேட்டு 111 நாள் உண்ணாவிரதம் இருந்த பேராசிரியர் ஜி.டி. அகர்வால், அறிவிக்கை வந்த இரண்டாம் நாள் இறந்துபோனார்.

யமுனைக்கு 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் எளிமையானது: விநாடிக்கு 10 கன மீட்டர், ஆறு முழுக்க. எந்தக் கதவணையில் யார் தரவேண்டும் என்பது தீர்க்கப்படவில்லை. 1994-லேயே ஐந்து மாநிலங்கள் அந்த ஆற்றைப் பங்கிட்டு முடித்திருந்தன. டெல்லிக்குள் யமுனை எப்படி ஓடுகிறது என்பதை ஊரறியும்.

## பங்கு பிரித்தபின் ஆற்றுக்கு இடம் தேடினால்

உலகில் இதற்கு இரண்டு வழிகளைத் தெளிவாகப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்கா 1998 சட்டத்தில், மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிர்ப்புக்கும் வேண்டிய நீரை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் பங்கிடவேண்டும் என்று எழுதியது. எழுதுவது எளிது, ஏற்கெனவே பயிர் செய்பவரிடம் போய் நிறைவேற்றுவது கடினம் என்பது அவர்களுக்கும் பிறகு புரிந்தது.

ஆஸ்திரேலியா எதிர்த்திசையில் போய் மாட்டிக்கொண்டது. முர்ரே – டார்லிங் ஆற்றில் உரிமங்களைத் தாராளமாகக் கொடுத்தார்கள். 1981-இல் முகத்துவாரம் மணலால் அடைபட்டது. 1995-இல் எடுக்கும் அளவுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். 2012-இல் வந்த படுகைத் திட்டம், ஆண்டுக்கு 2,750 ஜிகாலிட்டர் நீரை ஆற்றுக்குத் திரும்பக் கொடுக்க இலக்கு வைத்தது. நம் கணக்கில் சுமார் 97 டிஎம்சி, மேட்டூரை ஒருமுறை முழுக்க நிரப்பி மீதியும் இருக்கும். அந்த நீரை அரசாங்கம் விவசாயிகளிடமிருந்து விலை கொடுத்து வாங்கியது, வாய்க்கால்களைச் சீரமைத்து மிச்சம் பிடித்தது. வாங்கிய உரிமங்களை வைத்திருக்க ஒரு தனி அதிகாரி இருக்கிறார். பக்கத்து விவசாயிக்கு அந்த ஆண்டு உரிமத்தில் 40 சதவீதம்தான் கிடைக்கும் என்றால், அதே வகை உரிமம் வைத்திருக்கும் ஆற்றுக்கும் 40 சதவீதம்தான். எதிர்ப்பு இல்லாமல் நடக்கவில்லை. 2010-இல் கிரிஃபித் என்ற ஊரில் திட்ட முன்வரைவின் பிரதிகளை விவசாயிகள் தெருவில் போட்டு எரித்தார்கள்.

இந்தியாவில் நீர் உரிமத்தை விற்று வாங்கும் ஏற்பாடு இல்லை. கடைமடை விவசாயி கையில் விற்க எந்த உரிமச் சீட்டும் கிடையாது. ஆகவே அந்த வழியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் அதிலிருந்து ஒன்று தெளிவு. முழுக்கப் பங்கிட்டுவிட்ட ஆற்றில் சூழல் நீரோட்டம் என்பது யாரோ ஒருவரின் நீராகத்தான் இருக்கமுடியும். யாருடையது என்று சொல்லாத விதி நடக்காது.

## ஒரு விதி தேறுமா என்று பார்க்க

செய்தியில் அடுத்தமுறை ஏதாவதொரு ஆற்றுக்குச் சூழல் நீர் விதி என்று வந்தால், கீழே உள்ள கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம்.

1. எந்த இடத்தில் அளப்பது? அந்த இடத்துக்குக் கீழே அடுத்த அணை எத்தனை தூரத்தில் இருக்கிறது?
2. அளவு மொத்தமாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, ஓட்டமாகவா? மாதம் 2.5 டிஎம்சி என்றால் 25 நாள் மூடிவைத்து 5 நாளில் விட்டாலும் கணக்கு நேராகும். தினசரிக் குறைந்தபட்சம் இருந்தால் ஏமாற்ற முடியாது.
3. சதவீதம் என்றால் எதன் சதவீதம்? அணை கட்டிய பிறகு வற்றிப்போன ஓட்டத்தின் 20 சதவீதமும், இயற்கை ஓட்டத்தின் 20 சதவீதமும் ஒன்றல்ல. 2017-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், கோடைச் சராசரியில் 15 முதல் 20 சதவீதம் ஆறுகளில் ஓடவேண்டும் என்றது. எந்தக் காலத்துச் சராசரி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.
4. வெள்ளத்துக்கு இடம் இருக்கிறதா, கோடைக்கு மட்டுமா?
5. வறட்சி ஆண்டில் வரிசை என்ன? ஆறு முதலிலா, கடைசியிலா, எல்லோரோடுமா?
6. தரவு பொதுமக்கள் பார்க்கும்படி வருகிறதா? மீறினால் என்ன ஆகும்?

காவிரி அட்டவணை முதல் கேள்வியிலேயே தடுக்கி விழுகிறது. ஆறாவதில் ஓரளவு தேறும், காரணம் இரண்டு மாநிலங்கள் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பது. சண்டை நல்ல அளவீட்டைத் தந்திருக்கிறது.

## மேட்டூருக்குக் கீழே ஒரு விதி எழுதினால்

இதற்குக் கர்நாடகத்தின் சம்மதம் தேவையில்லை. தன் பங்காக வந்துசேர்ந்த நீரை எப்படிப் பயன்படுத்துவது என்பது தமிழ்நாட்டின் கையில். எல்லையில் ஆற்றுக்காக வாதாடிப் பெறும் 10 டிஎம்சியை அணைக்குக் கீழேயும் ஆற்றுக்கே விடவேண்டும் என்று நமக்கு நாமே ஏன் விதி எழுதவில்லை என்ற கேள்வி சங்கடமானது, ஆனால் நியாயமானது.

செலவு என்ன? விநாடிக்கு 1,000 கன அடி வீதம் 120 நாள் விட்டால் 10.4 டிஎம்சி. மேட்டூர் நிறைந்திருக்கும் ஆண்டில் அதன் ஒன்பதில் ஒரு பங்கு. அணை 60 அடியில் நிற்கும் ஆண்டிலோ ஒன்பதில் ஒரு பங்கு என்ற பேச்சே இல்லை, குறுவைத் திறப்பு சில நாட்கள் தள்ளிப்போகும். அந்த விலையை டெல்டா விவசாயியிடம் மறைத்து எந்த விதியும் எழுதமுடியாது. அதே நேரம் இந்த நீர் முழுக்க இழப்பும் அல்ல. படுகைக்குள் இறங்குவது கரையோரக் கிணறுகளுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கும் போய்ச்சேர்கிறது. ஏற்கெனவே குடிநீருக்கென்று விடும் நீரோடு சேர்த்துக் கணக்கிட்டால் கூடுதலாக வேண்டியது 10-ஐவிடக் குறைவுதான்.

திட்டமிட்டு ஆற்றில் நீர் விடும் பழக்கமும் நமக்குப் புதிதல்ல. பற்றாக்குறை ஆண்டுகளிலும் ஆடிப்பெருக்கில் பெண்கள் காவிரிக்கரையில் முளைப்பாரி விட நீர் வேண்டும் என்பதற்காக மேட்டூரைச் சில நாட்கள் திறந்ததுண்டு. பயிருக்கல்லாமல், குடிப்பதற்கல்லாமல், ஆறு ஆறாக ஓடவேண்டும் என்பதற்காகவே திறந்த நீர் அது. யாரும் அதை வீண் என்று சொல்லவில்லை.

அளக்கப் புதிதாக ஒன்றும் கட்டவேண்டாம். மேட்டூருக்குக் கீழே ஊராட்சிக்கோட்டையிலும் கொடுமுடியிலும் முசிறியிலும் மத்திய நீர் ஆணையத்தின் நிலையங்கள் இருக்கின்றன. முசிறியில் தினசரிக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு எண்ணை வைத்து, அணையின் ஜனவரி இறுதி இருப்பைப் பொறுத்து அது ஏறவும் இறங்கவும் ஓர் அட்டவணை போட்டால், முதல் விதி ஆகிவிடும். கொள்ளிடத்தின் முகத்துவாரம் அடுத்த கட்டம். அணைக்கரைக்குக் கீழே எவ்வளவு நன்னீர் வந்தால் உப்பு எத்தனை கிலோமீட்டர் பின்வாங்கும் என்பதை, அணை நிறைந்திருக்கும் ஓர் ஆண்டின் பிப்ரவரியில் விட்டுப் பார்த்து, கரையோரக் கிணறுகளில் அளந்து தெரிந்துகொள்ளலாம்.